முதல் தக்காளியும் கண்ணாடி ஷீட்டும்

சந்தையில் அவருக்கு ‘முதல் தக்காளி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். பனிக்காலத்தில் மற்றவர்களுடைய நாற்று விறைத்துப்போய் நிற்கும்போது, இவருடையது காய்த்துச் சிவந்து வண்டியேறிவிடும்.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மேட்டுப்பாத்தி போட்டு, அதன்மேல் மல்ச்சிங் ஷீட் என்னும் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணால் அமுக்கி, துளை போட்டு நடுவார். பிளாஸ்டிக் வெயிலை வாங்கி மண்ணுக்குக் கொடுக்கும். வெளிச்சமில்லாததால் களையும் தலைகாட்டாது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்து, “என்னய்யா, நிலத்துக்கு மழைக்கோட்டா?” என்று சிரித்தார்கள். சிரித்த வாயெல்லாம் பிறகு அவருடைய தக்காளிக்கு வரிசையில் நின்றதில் அவருக்கு ஒரு தனி ருசி.

இந்த ருசிக்குத்தான் ஆபத்து வந்தது. வேன் ஓட்டிக்கொண்டிருந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டான்.

“மாமா, கடையில ரெண்டு தினுசு ஷீட்டு இருக்கு. கறுப்பு ஒண்ணு, கண்ணாடி மாதிரி ஒண்ணு. எதை வாங்கட்டும்?”

அந்த நேரத்தில் மனிதருக்குள் எது புகுந்ததோ. “கண்ணாடிதான் மாப்ள மண்ணை இன்னும் நல்லா சூடாக்கும்” என்றார்.

“அப்ப நீங்க ஏன் கறுப்பு போடறீங்க?”

“பழகிப்போச்சுடா.”

கவனியுங்கள், அவர் சொன்னது பொய் இல்லை. கண்ணாடி ஷீட்டில் வெயில் நேராக உள்ளே இறங்கி மண்ணைச் சுடவைக்கும். அதே வெயில் களைக்கும் சேர்த்துச் சோறு போடும் என்ற மீதியைத்தான் விழுங்கிவிட்டார்.

கொஞ்ச நாளில் மச்சினனின் பாத்திகளுக்குத் தொப்பை விழுந்தது. ஷீட்டுக்கு அடியில் களை கொழுத்து முட்டிக்கொண்டு நிற்க, தக்காளி நாற்று கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தது.

“நீங்க சொன்னது சரிதான் மாமா, கையை வெச்சா மண்ணு சுடுது. நான்தான் ஒழுங்கா இழுத்துக் கட்டல” என்றான் அவன்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். திட்டாததால், தினமும் போய் அவன் பாத்தியில் குந்தி, துளைக்குள் கையை விட்டுக் களை பிடுங்கினார். வீட்டில் மனைவி, “என் தம்பிக்காக இப்படி முதுகு ஒடியறீங்களே, கூடப்பிறந்தவங்களே செய்யமாட்டாங்க” என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அந்தக் குழம்பு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒருநாள் மச்சினன் சொன்னான்: “மிச்சப் பாத்திக்கும் கண்ணாடி ஷீட்டே சொல்லிட்டேன் மாமா. இதுவும் போச்சுன்னா மறுபடி வேன் சாவிக்குத்தான் கையேந்தணும்.”

“கடைக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“முதல் தடவையே சொன்னாரு, களை வரும், கறுப்பை எடுத்துட்டுப் போன்னு. எங்க மாமாவை விட உமக்குத் தெரியுமான்னு கேட்டு வாயை அடைச்சிட்டேன்.”

இனி வாயைத் திறக்காமல் தீராது. திறந்தார். உண்மை வாசல்வரை வந்து செருப்பைத் தேடியது. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. “இப்ப வர்ற கண்ணாடி ஷீட்டு மட்டச் சரக்கு மாப்ள. மிச்சத்துக்குக் கறுப்பே போட்டுரு.”

முதலில் சொன்னது பாதி உண்மை. இது முழுப் பொய். இதைத்தான் மனிதர் முன்னேற்றம் என்று நினைத்தார்.

மச்சினன் நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் கடைக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டான். கறுப்பு ஷீட்டு வந்தது. மிச்சப் பாத்திகள் பிழைத்தன. வேன் சாவிக்குக் கையேந்தும் பேச்சும் நின்றது.

அந்தப் பாத்திகள் காய்த்த பிறகு ஒருநாள் குழாய் வாங்கப் போன முதல் தக்காளியிடம், கடைக்காரர் நிமிராமலே கேட்டார்: “என் சரக்கு மட்டம்னு நீங்கதான் சொன்னீங்களாமே?”

“சரக்கு நல்ல சரக்குதான். நான்தான்…” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

“இன்னைக்கே சொல்லிடறேன்” என்று, பேரம் பேசாமல் குழாயை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கடைக்காரருக்கே அது புதுசு.

வீட்டு வாசலில் மச்சினன் ஒரு தட்டோடு நின்றான். கறுப்புப் பாத்தியில் பழுத்த முதல் பறிப்பு. “இன்னும் சந்தைக்குக்கூட அனுப்பல. முதல் தக்காளி உங்களுக்குத்தான் மாமா. கடிச்சுப் பாருங்க.”

கடித்தார். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“என்ன மாமா, புளிக்குதா?”

“இல்லடா, நல்லா இருக்கு.”

இதுவும் பொய் இல்லை.