ஞாயிற்றுக்கிழமை ருஷ்ய சங்கீதம்

போன வாரம் என் பையன் போனில் ஒரு பாட்டை அனுப்பினான். பாட்டு என்று சொல்லக்கூடாது; வாயைத் திறந்து ஒருத்தரும் பாடுவதில்லை. நூறு பேர் சேர்ந்து வாசிக்கிற ருஷ்ய வாத்தியக் கச்சேரி. பழைய ஒலிப்பதிவாம், இரைச்சலையெல்லாம் நீக்கிப் புதுசு பண்ணியிருக்கிறார்களாம். இரண்டாவது நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அதே சனியன்தான் என்று. புதுசு பண்ணுவதற்கு உலகத்தில் வேறு எதுவுமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. அப்பா திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். ருஷ்யப் புத்தகக் கண்காட்சிக்குப் போனவர், புத்தகத்தை விட்டுவிட்டு இந்த ரெக்கார்டை வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். உறையில் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் உத்தர வீதியிலேயே கிடையாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனாலும் இதைக் கேட்காதவன் மனுஷனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பம். அத்தை, சித்தப்பா, நான், தம்பி எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். பேசக்கூடாது, நெளியக்கூடாது, இருமக்கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்தாக வேண்டும். பாத்திரச் சத்தம் கேட்டால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு பக்கம் முடிந்து ரெக்கார்டைத் திருப்பிப் போடுவதற்குள் எல்லாரும் அவசர அவசரமாக இருமிக்கொள்வோம். மொத்தம் முக்கால் மணி நேரம். இதில் இரைச்சல் எங்கிருந்து வந்தது, இவர்கள் நீக்குவதற்கு?

அம்மாவைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆறு பேருக்குத் தளிகை பண்ணுகிறவள். மற்ற நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூடப் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அவளைப் பிடித்து உட்கார்த்திவைத்து இப்படி ஒரு இம்சையா! சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும்.

"பாருங்கோ, உங்கம்மா எப்படி லயிச்சுக் கேக்கறா!" என்று திருப்பிப் போடுகிற இடைவெளியில் அப்பா எங்களுக்குக் காட்டுவார்.

என் அவஸ்தை வேறு. அதே எட்டு மணிக்குத்தான் என் வயசுத் தெருப் பெண்களெல்லாம் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குக் குளிக்கக் கிளம்புவார்கள். எங்கள் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவார்கள். கச்சேரி முடிந்து நான் பாதி தூரம் ஓடுவதற்குள் அவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே வருவார்கள். ஒவ்வொருத்தியாக எல்லாருக்கும் நீச்சல் வந்துவிட்டது, என்னைத் தவிர. ஆடி பிறந்து காவிரியில் புதுத் தண்ணீர் வந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

வழி சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். ஜன்னலைத் திறந்தால் போதும், "வெயில் பட்டா ரெக்கார்டு நெளிஞ்சுடும்" என்று கத்துவார். சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்குகிற நேரம் பார்த்து அதை மொட்டைமாடிக்கு எடுத்துப் போய், காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அரை மணியில் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. உறைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினால், மிளகாய் வார வந்த அம்மா மாடிப்படியில் நிற்கிறாள். ரெக்கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மிளகாயை வாரிக்கொண்டு கீழே போனாள். அப்பாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை. ஆஹா, அம்மாவும் நம் கட்சிதான் என்று எனக்கு ஒரே குஷி.

மறுநாள் ஊசி ஏறி இறங்கிச் சறுக்கியது. நூறு பேரும் சேர்ந்து முனகினார்கள். அப்பா ரெக்கார்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ரெக்கார்டு வைத்த அலமாரி அடுப்புச் சூடு படும் சமையலறைச் சுவரை ஒட்டியிருந்ததுதான் வினை என்று தன்னையே நொந்துகொண்டார். எங்கெங்கோ விசாரித்தும் இன்னொன்று கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆற்றுக்கு ஓடினேன். கையையும் காலையும் உதைத்து, தண்ணீரைக் குடித்து, நாலு முழ தூரம் மிதந்தும் காட்டிவிட்டேன். ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் அப்பாவின் கல்லூரி நண்பர்கள் நாலு பேர். ஞாயிறு காலை சும்மாதானே இருக்கிறது என்று டிபனுக்குக் கூப்பிட்டிருந்தாராம். பின்கட்டில் அம்மா அவர்களுக்காக வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். வியர்வை கண்ணில் வழிகிறது, துடைக்க ஒழிந்த கை இல்லை.

"அம்மா, இனிமே உன்னை யாரும் கூடத்துல கொண்டுபோய் உக்கார வெக்க முடியாதும்மா!" என்றேன். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மாவுக் கையோடு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அம்மா என்னை அடித்ததே கிடையாது. அடித்துவிட்டு அவளும் அழுதாள். அழுதுகொண்டே குழவியைப் பிடித்து மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

கிணற்றடியில் உட்கார்ந்து மாவைக் கழுவிக்கொண்டே தேம்பினேன். காட்டிக்கொடுக்காதவள் எதற்காக அடிக்க வேண்டும்? என் பத்து வயசு மரமண்டைக்கு யோசித்து யோசித்து ஒன்றுதான் தட்டுப்பட்டது: அம்மாவுக்கு ருஷ்ய சங்கீதம் என்றால் உயிர். கல்யாணமாகிப் போகிறவரை இதை ஊரெல்லாம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.