பொட்டு வைத்த மண்டையோடு

தொண்ணூறுகளின் நடுவில் முதுகலை விலங்கியலில் எங்களுக்குப் பரிணாமம் நடத்திய பேராசிரியர், மீன் கரையேறி நடக்கத் தொடங்கிய கதையைக்கூட ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி வாசித்தார். பழுப்பேறிய நோட்ஸை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். இரண்டு வருடத்தில் ஒரு நிஜப் புதைபடிவத்தைக்கூட அவர் கண்ணில் காட்டியதில்லை. இருந்ததெல்லாம் பிளாஸ்டரில் வார்த்த நகல்கள்.

எனக்கோ அந்தப் பாடத்தின்மேல் பைத்தியம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “எலும்பப் படிச்சு என்னல கிழிக்கப் போற? மொத ஆளா வந்து ஆராய்ச்சிக்கு எடம் கெடச்சாப் போ. இல்லன்னா கடையில வந்து உக்காரு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். துறையில் ஆராய்ச்சிக்கு இருந்ததோ ஒரே இடம்.

செய்முறைத் தேர்வில் மேஜைமேல் எலும்பு நகல்களை வரிசையாக வைத்திருப்பார்கள். பார்த்துப் பெயரும் காரணமும் எழுதவேண்டும். எங்களிடம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு மண்டையோடுகள் இருந்தன. ஒன்று பழங்கால நாய். மற்றது நாய்ப்பல் வைத்த ஊர்வன, பாலூட்டிகளின் முன்னோருக்கு நெருங்கிய சொந்தம். கீழ்த்தாடையைப் பார்த்தால் போதும். நாய்க்கு ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பு. மற்றதற்குப் பல துண்டுகள் சேர்ந்த கோடுகள் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் தாடையை யார் பார்த்தார்கள்?

“மச்சி, பொட்டு கீதா பாரு. கீதுன்னா நாய், இல்லாங்காட்டி மத்தது. இதுக்குப் போயி தாடைய நோண்டிக்கினு கீறியே” என்றான் சைதாப்பேட்டையிலிருந்து வந்த வகுப்புத் தோழன்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப், பீரோ, மண்டையோடு எல்லாவற்றுக்கும் பேராசிரியரே சந்தனம் குங்குமம் வைப்பார். பிளாஸ்டர் குங்குமத்தைக் குடித்துவிடும். பிறகு கழுவினாலும் போகாது. நாய் கீழ்த்தட்டில் இருந்தது. ஊர்வன பீரோவின் உச்சியில். ஸ்டூல் போட்டு ஏற அவருக்குச் சோம்பல் என்பதால் அதற்கு மட்டும் பொட்டு கிடையாது.

எங்கள் கடைசி வருடம் பூஜைக்கு முன்னால் அறைக்கு வெள்ளையடித்தார்கள். எல்லாம் கீழே இறங்கியிருந்தது. ஊர்வன மண்டையோட்டுக்கும் நெற்றியில் பொட்டு விழுந்தது. நாங்கள் எல்லோரும் கைகட்டி நின்று சுண்டலுக்குக் காத்திருந்தோம்.

தேர்வு மேஜையில் அந்த ஊர்வனதான் இருந்தது. நான் ஊர்வன என்று எழுதினேன். தோழன் நாய் என்று எழுதினான். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் என் தாளைத் தட்டினார். வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஏம்ப்பா, நாயைப் போய் ஊர்வனன்னு எழுதிவச்சிருக்கியே?”

“தாடையில கோடு இருக்கு சார். பாருங்க.”

அவர் தாடையைப் பார்க்கவில்லை. நெற்றியைப் பார்த்தார். “இது நாய்ப்பா. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதா?” என்றார்.

பையன்கள் குறுக்குவழியில் போவது உலக வழக்கம். இந்த மனிதருக்கும் அதை விட்டால் வேறு வழி தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூசிப்போனேன்.

தேர்வாளர் மண்டையோட்டை எடுத்துத் திருப்பினார். அவர் நகம் தாடைக் கோட்டில் மெல்ல ஓடி, ஓரிடத்தில் நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் அதைக் கீழே வைத்தார்.

“சார் கரெக்டாத்தான் சொல்லுவார்ப்பா. அடுத்ததுக்கு வா.”

அடுத்த வாரம் அந்தத் தேர்வாளருடைய கல்லூரிக்கு எங்கள் பேராசிரியர் தேர்வாளராகப் போகவேண்டும். தெரியாமல் பேசியவரையாவது மன்னிக்கலாம். தெரிந்தே பேசிய அந்த ஆளை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் இரண்டாவதாக வந்தேன். ஆராய்ச்சி இடம் தோழனுக்குப் போனது. மந்தைவெளி டீக்கடையில் அவனைப் பார்த்தபோது, நாயா அது என்று கேட்டேன்.

“இன்னா மச்சி, அது நாய் இல்லன்னு எனக்குத் தெரியாதா? சாருக்குத் தெரியாதுன்னும் தெரியும். அதான் அப்டி எழுதுனேன்” என்றான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அப்பா திட்டுவார், கேலி செய்வார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவரோ கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.