அப்பா கொண்டுவந்த ஓஸ்

போன வாரம் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கியபோது, மகனுடைய கார் நிற்கும் இடத்தில் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தது. வெற்றிலை எச்சில் என்று நினைத்து வாட்ச்மேன் யாரையோ திட்டிக்கொண்டே துடைக்க வந்தார். நான் அவரை நிறுத்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். இந்த அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருப்பார். கட்டட்டும். அந்த எண்ணெயின் வாசனை எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்த சென்ட்டும் தெரியாது.

கிளட்ச் இல்லாத கார்களின் கியர் பாக்ஸில் ஓடுகிற எண்ணெய் அது. நன்றாக இருக்கும்போது ரோஸ் சர்பத் நிறம். சூடேறிக் கெட்டுவிட்டால் பழுப்பாகி, அடிப்பிடித்த பாகு மாதிரி நாறும். இன்று தெருவுக்குப் பத்து வண்டி அப்படி ஓடுகிறது. தொண்ணூறுகளில் ஆர்.எஸ்.புரத்துப் பங்களாக்களில் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். சிங்காநல்லூரில் சாதாரண வீட்டு வாசலில் நின்ற ஒரே வண்டி எங்களுடையதுதான். பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு இடது கால் இல்லை.

அவர் நூல் ஏஜெண்ட். வெள்ளகோவில் பக்கம் தறி போட்டிருப்பவர்களுக்கு இங்கிருந்து மில் நூல் வாங்கிக் கொடுப்பது தொழில். பல்லடம் தாண்டி ஒரு பஸ் கவிழ்ந்ததில் முட்டிக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் கால் வைக்கவில்லை. வாடகைக் காரில் போகலாமே என்றால், "பின்னாடி உக்காந்து போயி எறங்குனா, அய்யோ பாவம்பாங்க. நூல் வாங்க மாட்டாங்க" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மொட்டை மாடிக்கு ஏறினால் நானும் ஏதாவது துணியை எடுத்துக்கொண்டு காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே ஏறுவேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. காய்ந்த துணியையே நாலு முறை காயப்போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் மலேசியாவிலிருந்து திரும்பிய ஒருவர் அந்த ஜப்பான் காரை விற்றார். ஒரு கால் போதும் ஓட்ட. என் வீட்டுக்காரர் அதை ஓட்டிக்கொண்டு ஏரிக் கரை வரை போய்த் திரும்பிய அன்றைக்கு, பதினான்கு மாதம் கழித்து, "சாப்பாடு போடு" என்று தானாகக் கேட்டார். நான் சமையலறையில் போய் அழுதேன்.

ஆனால் வண்டிக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. சூலூர் போய் வருவதற்குள் எண்ணெய் கொதித்து, கியர் வழுக்கியது. பார்த்த மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "எண்ணெய ஆறவெக்க ஒரு கூலர் போட்டா ஓடுமுங்க. இல்லாட்டி இந்த கியர் பாக்ஸ் போச்சுன்னா மெட்ராஸ்லயும் கெடைக்காதுங்க." கூலர் என்பது சின்ன ரேடியேட்டர் மாதிரி. காரை விற்றவரிடமே ஒன்று சும்மா கிடந்தது. கொடுத்துவிட்டார். எண்ணெய் அதற்குள் போய்வருவதற்கான ரப்பர் குழாய், ஓஸ், மட்டும் இல்லை. மெட்ராஸில் இருந்த நண்பருக்கு இவர் போன் செய்தார். எண்ணெய்க்கென்றே இருக்கிற ஓஸ் புதன்கிழமை பார்சலில் வந்துவிடும் என்றார்கள். வியாழக்கிழமை வெள்ளகோவில் போயே ஆக வேண்டும். அங்கே பெரிய தறிக்காரர் ஒருவர், அந்த வாரத்துக்குள் நேரில் வராவிட்டால் வேறு ஏஜெண்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு பார்ட்டி போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு சுவர்தான்.

இதையெல்லாம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அப்பாவிடம் போனில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா வாசலில் நிற்கிறார். வெள்ளகோவிலுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். தோளில் துண்டு, துண்டுக்கு மேல் சுருட்டிய மஞ்சள் ஓஸ். பயிருக்கு மருந்தடிக்கிற ஓஸ்.

"இது என்ன பிரசர் தாங்குமுங்க தெரியுமா மாப்ள? இழுத்துப் பாருங்க. கார் என்ன, லாரிக்கே போடலாமுங்க."

பிரசர் தாங்கும்தான். சூட்டையும் எண்ணெயையும் தாங்காது. நான் பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிறவள். 'இந்த ரப்பர் எண்ணெய்க்கு ஆகாது' என்று என் கையாலேயே எத்தனை டிராயிங்கில் எழுதியிருப்பேன்! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். தன் மாப்பிள்ளை நடமாட வேண்டும் என்று ஐம்பது மைல் பஸ்ஸில் சுமந்து வந்த மனிதரிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது?

"நல்ல ஓசுங்க மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

வண்டிக்கு அடியில் படுக்க அவரால் முடியாது. அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. நான்தான் வீட்டுக்காரருடைய பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு சாக்கை விரித்துப் படுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் கையூன்றி நின்றுகொண்டு, "ஏனுங்க அம்மணி, கம்பெனில இதுவுமாங்க சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். கியர் பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு குழாய்கள். எது எண்ணெய் திரும்பி வருகிற குழாய் என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட, நான் இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சுட்டது போகிற குழாய். மற்றதை வெட்டி, கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டி, நடுவில் மஞ்சள் ஓஸைச் செருகி, கிளிப்பை முறுக்கினேன். முகமெல்லாம் சிவப்பு எண்ணெய். அப்பா மேலே நின்று, "இன்னொரு திருகு கண்ணு, இன்னொரு திருகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் வெகுநாள் பார்க்கவில்லை.

புதன்கிழமை பார்சல் வந்தது. அப்பா ஊருக்குப் போகவில்லை. மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று இருந்துவிட்டார். அவர் கண் முன்னால் அவர் ஓஸை எப்படிக் கழற்றுவது? "ஒரு தடவதான? மாமன எறக்கி உட்டுட்டு வந்து மாத்திக்கலாம்" என்று இவர் காதோடு சொல்லிவிட்டு, பார்சலைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். நானும் சரி என்றேன்.

வியாழக்கிழமை மூன்று பேருமாகக் கிளம்பினோம். காங்கேயம் தாண்டியதும் இஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் சிவப்புக் கோடு. நான் அடியில் நுழைந்தேன். மஞ்சள் ஓஸ் ஊறி, உப்பி, ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அடிப்பிடித்த நாற்றம் மூக்கில் ஏறியது. கியர் பாக்ஸ் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணு, ஓசு தாங்குச்சா?" என்று மேலேயிருந்து அப்பாவின் குரல்.

"தாங்குச்சுங்கப்பா. கியர் பாக்ஸ்தான் உள்ளயே போயிருச்சு."

"பழைய வண்டிங்க மாமா, அப்படித்தானுங்க" என்றார் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

அப்பா வண்டிக்குக் காவலாக நின்றுகொண்டார். நாங்கள் பஸ்ஸை நிறுத்தினோம். படியில் இவரை நானும் கண்டக்டருமாகத் தூக்கி ஏற்றினோம். வெள்ளகோவில் வரை கண்ணை மூடியே இருந்தார். சட்டை நனைந்துவிட்டது. தறிக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். மோர் கொடுத்தார். என் சேலையில் அப்பியிருந்த சிவப்பையும் இவருடைய கட்டைக் காலையும் பார்த்தார். "எதுக்குங்க இந்த ஒடம்போட இவ்வளவு செரமம்? நல்லா தேறட்டுமுங்க. அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார். வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஆறுதல். எங்கள் ஊரில் இதற்கு, இனி வியாபாரம் இல்லை என்று அர்த்தம். இவர் மோரை முழுக்கக் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லதுங்க" என்று கும்பிட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பா வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். ரோட்டில் கிடந்த எண்ணெய் மேல் மண் போட்டிருந்தார். தோளில் துண்டு இல்லை. காற்றில் எங்கேயோ விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

லாரியில் கட்டி இழுத்துவந்து வண்டியை வாசலில் விட்டார்கள். இரண்டு நாள் கழித்து இவர் முன்பக்கத்தைத் திறந்தார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். பிளந்த ஓஸின் மேல் அப்பாவின் துண்டு இறுகச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. முழுக்கச் சிவப்பு. நாங்கள் பஸ்ஸில் போனபிறகு, அந்த இடுப்போடு மண்ணில் படுத்துக் கட்டியிருக்கிறார். இவர் முன்பக்கத்தை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துத்தான்.

அதன்பிறகு அப்பா சாகும்வரை அந்த ஓஸைப் பற்றி எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. இவர் வீட்டிலிருந்து போனிலேயே சின்னச் சின்ன வியாபாரம் செய்து காலத்தை ஓட்டினார். மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. போன வருடம் அவரும் போய்விட்டார்.

போன வாரம் அந்தச் சொட்டைத் தொட்ட விரலைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன். மகன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். "என்னம்மா, வண்டி ஒழுகுதா?" என்றான். ஒண்ணுமில்ல கண்ணு என்று பழக்கதோஷத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எடுக்காத. கியர் பாக்ஸ் போயிரும்" என்றேன். "சரிம்மா" என்று போனை எடுத்தான். அவ்வளவுதான். அரை மணியில் வண்டியைத் தூக்கிப்போக ஆள் வந்துவிட்டது. யார் மனமும் நோகவில்லை.

இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்வதற்கு அப்பா இல்லை, இவரும் இல்லை. காங்கேயம் ரோட்டை அகலப்படுத்தி, அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் எத்தனையோ முறை தார் போட்டாகிவிட்டது. வீடு மாறி வந்த பிறகும் கட்டிலுக்கடியில் அந்த மெட்ராஸ் பார்சல் மட்டும், ஒட்டிய டேப் பிரிக்காமல், அப்படியே இருக்கிறது.