தோளில் சிவந்த கறை

மகளுக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள் காலை எட்டரை மணி. உடம்பு மீண்டும் சுட்டது. அவளுக்கு அப்போது பதினோரு மாதம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் காய்ச்சல் மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விடியற்காலையில் கொடுத்தேனா? தூக்கக் கலக்கத்தில் எதுவும் நினைவில்லை.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மருந்து கொடுத்த நேரத்தைத் தினசரி காலண்டர் தாளில் எழுதிவைப்போம். அன்றைய தாளில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் கொடுக்கவில்லை. மருந்தை அளந்து எடுத்தேன்.

"இன்னாமா, மறுபடியுமா? நான் வந்தப்போதான குடுத்துக்கினு இருந்த?" என்றார், வாசல் பெருக்கிவிட்டு உள்ளே வந்த அக்கா. எங்கள் வீட்டில் வேலை செய்பவர். ஆறு மணிக்கே வந்துவிடுவார்.

கை அப்படியே நின்றது. கணவரைக் கூப்பிட்டேன். எழுந்ததும் முதல் வேலையாகக் காலண்டரைக் கிழிப்பவர் அவர்; அன்று ஏழு மணிக்கு எழுந்து கிழித்திருந்தார். நான் ஆறு மணிக்கு எழுதியிருந்தால் அது முந்தைய நாள் தாளில்தான் இருந்திருக்கும். அந்தத் தாளோ குப்பை வண்டியில் போய்விட்டது.

சட்டம் படித்தவள் நான். நேரடிச் சாட்சி என்றால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்வது, கண்டதிலிருந்து ஊகித்ததை அல்ல என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதனால் அக்காவை விடவில்லை.

"நான் குடுத்தத நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன். சோபாவுல உக்காந்து குடுத்த."

"அவ முழுங்கினாளா?"

"அது தெரியாது. துப்பிச்சு. உன் தோள்லதான் செவப்பா ஊத்திக்கினு கீது, பாரு. நான்தான் துணியால தொடச்சேன்."

"எவ்ளோ துப்பினா? பாதி இருக்குமா?"

"பாதின்னா பொய்யாயிடும்மா. கறைய பாத்தேன், அவ்ளோதான். இன்னா நீ, என்னிய கூண்டுல ஏத்திட்ட?"

"குற்றவாளியும் இவதான், வக்கீலும் இவதான்," என்றார் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோளைப் பார்த்தேன். காய்ந்துபோன சிவப்பு. இத்தனை நேரம் நான் அதைப் பார்க்கவே இல்லை.

டாக்டருக்கு போன் செய்து, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாதபோது மறுபடி கொடுக்கக் கூடாது, பன்னிரண்டு மணிவரை பொறுங்கள், பால் கொடுங்கள், மெல்லிய சட்டை போடுங்கள் என்றார். அளந்து எடுத்த மருந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். ஊற்றியபிறகும், பாதியாவது கொடுத்திருக்கலாமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அக்கா அடுத்த வீட்டு வேலைக்குப் போகவில்லை. "அவங்க கத்துவாங்க அக்கா," என்றேன். "கத்தட்டும். நீ போய் மூஞ்சி கழுவு," என்று மகளை மடியில் வாங்கிக்கொண்டார்.

பத்து மணி வாக்கில் குழந்தையின் நெற்றியில் வேர்வை அரும்பியது. தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கியிருந்தது.

"அப்போ மருந்து உள்ளதான் போயிருக்கு, இல்லக்கா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? எனக்கு வேர்வைதான் தெரியுது," என்று முந்தானையால் மகளின் நெற்றியை ஒற்றினார்.