சேங்கொட்டைக் குறி போட்ட சட்டை

வெந்நீரில் கொதித்த பழைய வேட்டிக்கு என்று ஒரு வாசனை உண்டு. தெருவில் அந்த வாசனை எழுந்தால் யார் வீட்டிலோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று பொருள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, உறுத்தும், கண்ணும் படும் என்பார்கள். பலகாலம் கட்டி நைந்த வேட்டியில்தான் முதல் சட்டை. பொத்தான் கிடையாது, முதுகில் முடிய ஒரு "நாடா". தையலும் நூல்முடிச்சும் வெளிப்பக்கம் இருக்க, உட்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும். கூலிக்காரர்களான எங்களுக்கு அந்த வேட்டி பண்ணை வீட்டிலிருந்துதான் வரும்.

தம்பி பிறந்தபோது அதற்கும் வழியில்லை. கோட்டையில் ஆட்சி மாறி, ஊரெல்லாம் புதுக்கொடி ஏறி, கூலி நெல்லைக் கூட்டித் தராவிட்டால் அறுப்புக்கு இறங்குவதில்லை என்று எங்கள் ஆட்கள் நின்ற நேரம். பண்ணை வீட்டிலிருந்து உப்புகூட வாங்கக் கூடாது என்பது சங்கத் தலைவர் கோவிந்தன் மாமா போட்ட "கட்டு". எங்களில் யாரோ விலைபோய்விட்டதாக வேறு பேச்சு. எந்த வீட்டு அடுப்பு புகைந்தாலும், நெல் ஏது என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் மாமாவின் மனைவி தனம் அத்தை ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தைக்க உட்கார்ந்த பெரியம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், ஓரத்தில் விரலை நிறுத்தினாள். ஒரு வட்டமும் இரண்டு கோடும். வெளுக்கிறவர் வீட்டுக்கு வீடு அடையாளம் தெரியச் சேங்கொட்டைச் சாற்றால் போடும் குறி. எங்கள் துணியை நாங்களே துவைத்துக்கொள்வோம், அதில் குறி ஏது? அது பண்ணை வீட்டுக் குறி, வெளுத்து வந்த மடிப்புத் தடம்கூட இன்னும் மறையவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நமக்குக் கட்டு, அவுங்களுக்கு வேட்டியா?" என்றார் அப்பா.

பெரியம்மா அந்தக் குறியை வெட்டி எறியவில்லை. அது நெஞ்சின்மேல் வரும்படி பார்த்துத் தைத்தாள். பிள்ளை பார்க்க வந்த மாமா தம்பியைக் கையில் வாங்கினார். குறியைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நெருப்பில்லாமல் புகையுமா என்றது தெரு. தலைவரே அப்படி என்றால் நமக்கென்ன கட்டு என்று சங்கம் உடைந்தது. பழைய கூலிக்கே அரிவாளோடு முதலில் வயலில் இறங்கியவர் அப்பா. மாமா குடும்பம் வலங்கைமான் பக்கம் போய்விட்டது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் தனம் அத்தையைப் பார்த்தேன். கண் மங்கியிருந்தது, என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். கேட்காமலே அவளாகச் சொன்னாள்:

"பச்சப்புள்ளைக்குப் பழசு வேணுமேன்னு நான்தான் அவருக்குத் தெரியாம பண்ணை வீட்டுக் கொல்லையில போயி நின்னு வாங்கியாந்தேன். எங்கேருந்துன்னு சொல்லியிருந்தா உங்கப்பா தொட்டிருப்பாரா?"

இன்று அறுப்புக்கு எந்திரம் வருகிறது. பண்ணை வீடு இடிந்து மனைக்கட்டுகளாகிவிட்டது. அத்தை சொன்னது நிஜமா என்று கேட்க அம்மா இல்லை, பெரியம்மா இல்லை, வேட்டியைக் கொடுத்தவர்களும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவரை நான் முழுசாக நம்பினேன், அழக்கூடச் செய்தேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும், இந்தப் பதிலை யோசித்து வைக்க அவளுக்கு எத்தனை வருஷம் கிடைத்தது என்று மனசு கேட்க ஆரம்பித்துவிட்டது.