ஜன்னல் ஆர்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றிய வாரம்

என் 1987 நாட்குறிப்பில், செப்டம்பர் தேதிகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள் இருக்கின்றன. ஒரு கோடு என்றால் ஆர்கிட்டுக்கு ஒருமுறை தண்ணீர்.

அது மனைவியின் செடி. வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியை அவள்; சனிக்கிழமைதோறும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவாள். காற்றில் முறிந்து கிடந்த கிளையிலிருந்து எடுத்துவந்த செடியை, ஓட்டை போட்ட மண்சட்டியில் கரித்துண்டுகளுக்கு நடுவே வைத்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான் முதல் பூந்தண்டு நீட்டியிருந்தது. "வேர் வெளுத்தாத்தான் தண்ணி. பச்சையா இருந்தா தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பதினேழாம் தேதி, வியாழன், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. துப்பாக்கிச் சூடு என்று ஆளுக்கொரு ஊரின் பெயரைச் சொன்னார்கள். சனிக்கிழமை அவள் வரவில்லை. மலையில் இருக்கிறாளா, வழியில் மாட்டிக்கொண்டாளா என்று சொல்ல ஆளில்லை.

ஜன்னலில் நின்றால் தெருமுனை தெரியும். பார்க்கப் போகும்போதெல்லாம் கை செம்பை எடுத்தது. சனி, மூன்று கோடு. ஞாயிறு ஐந்து. திங்கள் எட்டு.

எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்தே கேட்டார்: "இன்னா சார், செடியக் குளிப்பாட்டிக்கினே இருக்கீங்க? ஜன்னி வந்துடப் போவுது அதுக்கு!"

"வெயில் ஜாஸ்தி" என்றேன். வானம் மூடிக்கிடந்தது.

சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா மேலதான் இருப்பாங்க சார். மலையில ஒண்ணும் இல்லீங்க" என்றார். அவருக்கும் தெரியாது.

இருபத்தைந்தாம் தேதி மதியம் வந்தாள். பாதி ஜீப், பாதி நடை. ஒரு காலில் செருப்பு இல்லை. "சனிக்கெழமையே கெளம்பினேன். அடிவாரத்துல மரம் கெடந்துச்சு, திரும்ப ஏறிட்டேன்" என்றபடி ஜன்னலருகே போய் இலையைத் தொட்டாள். அது கையோடு வந்தது. குருத்து அழுகி நாறியது, தண்டும் சாய்ந்துவிட்டிருந்தது.

நாட்குறிப்பு பக்கத்திலேயே கிடந்தது. கோடுகளை எண்ணினாள்.

"ஒரே நாள்ல எட்டு தபாவா? வேரைப் பாக்கவே இல்லையா நீங்க?"

"தெருவைப் பாத்துக்கினு இருந்தேன்."

அவள் அழுகிய செடியைச் சட்டியிலிருந்து பிடுங்கி எடுத்தாள். ஈரக் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் உலர வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினாள். ஜன்னலில் வெறும் சட்டி தொங்கியது. மாலையில் செம்போடு போய் நின்ற பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.