நெல்சனின் சங்குப் பாட்டு

நெல்சன் ஒரு ஆல்பம் போட்டான். ஊரே கைதட்டியது. வேண்டாம் என்றவள் அவன் பெண்டாட்டி மெர்லின் ஒருத்திதான். அவள் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு வந்திருக்காது.

நானும் நெல்சனும் ராயபுரம் பக்கம் துறைமுகத்தில் ஒரே கேங். என்னை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர் ஆடாமல் இரும்புக் கம்பி போட்டு இறுக்குவது வேலை. அவன் அப்பா சவரிநாதன் ரயில்வேயில் ஃபிட்டர், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். ரயில் ஓட்டிய ஒரு ஆங்கிலோ இந்தியரிடம் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் குதிரையும் ரயிலும் ஓடிப்போன பெண்ணும் வருகிற கன்ட்ரி பாட்டு. குதிரையையே பார்க்காத ராயபுரத்தில் அந்த வீட்டில் மட்டும் தினம் குதிரை ஓடும். நெல்சனின் விரல் அதில் பழகியது. வாய் துறைமுகத்தில் பழகியது. மேல்தளத்திலிருந்து கத்துவது கீழே இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் தாளத்தோடு கத்த வேண்டும், அதுவே நாளடைவில் ராப் ஆகிவிட்டது. சர்ச் பாட்டுக் குழுவில் ட்ரம் வாசித்த மகிமா வந்து சேர்ந்தாள். அவள் அடிக்கிற அடியில் ஜெபத்துக்கு வந்தவர்கள் காதைப் பொத்துவார்கள். அப்படி ராக் இசையும் சேர்ந்துகொண்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நெல்சன் மெர்லினின் குப்பத்துக்கே குடிபோனான். திருவொற்றியூர் தாண்டி, கடலுக்கும் ஒரு ஆலையின் சுவருக்கும் நடுவில் இருக்கிறது அது. சுவருக்கு அந்தப் பக்கம் டேங்கில் கேஸ் இருக்கிறது. அது கசிந்தால் ஆலையில் சங்கு ஊதும், மேலே ஏறிக் கீழே இறங்குகிற ஊளை. குப்பத்துக்குக் கிடைக்கிற எச்சரிக்கை அது ஒன்றுதான். கேட்டதும் யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே வந்து மாதா கோயில் கொடியைப் பார்ப்பார்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்குக் குறுக்கே நடந்து வெளியேறுவார்கள். முன்பு ஒருமுறை பட்டதால் வந்த பழக்கம். கைக்குழந்தைக்காரிகூட இதில் தடுமாற மாட்டாள்.

ஆலைக்காரர்கள் சோதனைக்கு ஊதுவதென்றால் முன்னதாகவே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு சோதனை நாளில் நெல்சன் மொட்டை மாடியில் ஏறி அந்த ஊளையைப் பதிவு செய்தான். ஆல்பத்தின் முதல் பாட்டு அதில்தான் தொடங்கும். அப்புறம் அப்பா சொல்லிக்கொடுத்த கிட்டார், அதன் மேல் இவன் பேச்சு. சுவருக்குப் பக்கத்தில் பிள்ளை பெற்று வளர்க்கிற கதையை அவன் பேசப் பேச எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. உண்மையிலேயே பெரிய பாட்டு அது.

மெர்லினுக்குப் போட்டுக் காட்டியபோது நானும் இருந்தேன்.

"சங்க எடுத்துடுய்யா. மத்தது நல்லா கீது" என்றாள்.

"அதான் பாட்டுக்கு உசுரே. நாம டெய்லி இன்னாத்த கேட்டுகினு பயந்துகினு கீறோம்னு சிட்டில கீறவனுக்குத் தெர்ய வேணாமா?"

"அவனுக்குத் தெர்யட்டும். நமக்கு மறந்துபூடும்."

அவன் சிரித்தான். தன் பாட்டின் மேல் மயங்கியவனுக்கு எதுவும் ஏறாது.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சிட்டியில் கேட்டார்களோ இல்லையோ, குப்பத்தில் கேட்காத வீடு இல்லை. டீக்கடையில் அது, செல்போன் அடித்தால் அது, மஞ்சள் நீராட்டு விழாவில் அது. பக்கத்து வீட்டு ஞானம் அக்கா இறால் உரித்துக்கொண்டே அந்த ஊளைக்குத் தலையாட்டுவாள். அவள் மகன் தங்கப்பாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியில் அதைத் தவிர வேறு பாட்டே போடமாட்டான். முதல் வாரம் சில பேர் திடுக்கிட்டு வெளியே ஓடிவந்தார்கள். அப்புறம் ஓடிவந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்தார்கள். அதற்கப்புறம் யாரும் ஓடிவரவில்லை. இதெல்லாம் எங்கள் கண் முன்னால் நடந்தது, எங்களுக்கு உறைக்கவில்லை.

மார்கழியில் ஒரு சாயங்காலம் நாங்கள் கப்பலை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தோம். மெர்லின் போன் செய்தாள். நெல்சன் ஸ்பீக்கரில் போட்டான்.

"எவன்யா இவ்ளோ சத்தமா உன் பாட்ட வச்சிகினு கீறான்? பாப்பா இப்பதான் தூங்குது. தங்கப்பாண்டிக்கு போன் பண்ணி கொறைக்கச் சொல்லு."

அவள் குரலுக்குப் பின்னால் ஊளை கேட்டது. ஏறியது, இறங்கியது. பெருமையில் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தப் பாட்டில் மூன்றாவது ஊளை முடியும் இடத்தில் மகிமாவின் ட்ரம் இடி மாதிரி விழும். அவன் விரல் தானாகவே டீ டம்ளரில் அந்த அடிக்குத் தயாரானது. மூன்றாவது ஊளை முடிந்தது. விரல் தட்டியது. ட்ரம் வரவில்லை. நாலாவது ஊளை ஏறியது.

டம்ளர் கீழே விழுந்தது. "மெர்லின், அது பாட்டு இல்ல. பாப்பாவத் தூக்கு. கொடியப் பாரு, ஓடு" என்று அவன் கத்திய கத்தலில் கிரேன்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

மெர்லின் குழந்தையோடு தப்பித்தாள். வழியெல்லாம் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டே போயிருக்கிறாள். நிறையப் பேர் வீட்டில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் வராந்தாவில் படுக்க வைத்தார்கள். மூச்சுத் திணறிய ஞானம் அக்கா இரண்டாம் நாள் போய்விட்டாள். வாசலில் இறால் கூடை அப்படியே கிடந்தது என்றார்கள். சங்கு ஊதியபோது எழுந்திருக்கவே இல்லை அவள்.

நெல்சன் நெட்டிலிருந்து பாட்டை எடுத்துவிட்டான். ஆனால் அது எல்லார் போனிலும் ஏறியிருந்ததே. வீடு வீடாகப் போய் அழிக்கச் சொல்லிக் கெஞ்சினான். சில பேர் அழித்தார்கள். சில பேர், கசியவிட்டவனை விட்டுவிட்டுப் பாட்டை ஏன் அழிக்கணும் என்று சண்டைக்கு வந்தார்கள். அதுவும் நியாயம்தான். தங்கப்பாண்டி மட்டும் அழுதான்.

"எங்கம்மா கடைசியா கேட்ட பாட்டுன்னு நெனச்சிகினு கீறேன் அண்ணா. அத்த மட்டும் அழிக்கச் சொல்லாத."

ஞானம் அக்காவின் சவ ஊர்வலத்திலும் அவன் வேறு எதையும் போட்டிருக்கவில்லை. வழி நெடுக அந்தச் சங்குதான். நெல்சன் பாடைக்குத் தோள் கொடுத்து நடந்தான், தலை நிமிரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நெல்சன், மெர்லினோடு குப்பத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று ஊளை. ஏறியது. பேச்செல்லாம் நின்றது. கையில் டம்ளரோடு ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் கொடிப் பக்கம் திரும்பவில்லை. இரண்டாவது ஊளை. மூன்றாவது. ட்ரம் விழுந்தது, தங்கப்பாண்டியின் ஆட்டோ முனை திரும்பி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மெர்லின் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அப்போதே பாதி தெரு போயிருந்தாள். திரும்பி வந்து நெல்சனிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நெஜமா ஊதற அன்னிக்கும் இப்டிதான் நின்னுகினு ட்ரம்முக்குக் காத்துகினு கெடப்பாங்கோ."

"உங்க மாமனார் வூட்டுக்கே ராயபுரம் போய்டலாமே" என்றேன் நான்.

"நாங்க போய்டலாம் பாய். இவங்கோ எங்க போவாங்கோ?"

டீக்கடைக்காரன் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே அடுத்த டீயை ஆற்றினான்.